பாட்டுக்குள் ஒரு தம்பி

ஒட்டு நகங்கள் லேசில் கழன்று வரவில்லை. சமையலறை மேசைமேல் இரண்டு கிண்ணங்களில் அசிட்டோனை ஊற்றி, விரல்களை அதில் அமிழ்த்தி உட்கார்ந்திருந்தாள் ஒக்டேவியா. ஒவ்வொரு நகமும் சுண்டுவிரல் நீளம், கருஞ்சிவப்பு, நுனியில் பொடிப்பொடியாகக் கண்ணாடிக் கற்கள். வீடியோவில் மைக்கின் தலையில் அந்த நகங்களால் தட்டித்தான் பாட்டைத் தொடங்குவாள். இப்போது மெம்பிஸ் நகரம் முழுக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டு மேசையில் அதே தாளத்தைத் தட்டுகிறார்கள். நகம் வேண்டாம், சிவப்பு விக் வேண்டாம், ஒட்டு இமை வேண்டாம் என்று தம்பியின் வக்கீல் அபெர்னதி அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "டேவி ரெட் கோர்ட்டுக்கு வரக்கூடாது. ஒக்டேவியா ஸ்வேரிஞ்சன் மட்டும் வரட்டும்."

அம்மா வெர்லீன் அடுப்படியில் நின்று பலோனி இறைச்சித் துண்டுகளை வறுத்துக்கொண்டிருந்தாள். தேவாலயத்துக்கு மட்டும் உடுத்தும் நீல உடுப்பைக் காலையிலேயே போட்டாயிற்று. எண்ணெய் தெறிக்காமலிருக்க அதன்மேல் குளியல் துண்டு ஒன்றைச் சுற்றியிருந்தாள்.

"இத மாட்டுறதுக்கு எவ்ளோ நேரம் ஆச்சு?"

"கொஞ்ச நேரந்தான்."

"கழட்டத்தான் மணிக்கணக்கா ஆகுது பாரு."

"அம்மா, இன்னிக்கி வேணாம்மா."

"நான் நகத்தச் சொன்னேன்டீ. நீ ஏன் துள்ளுற?"

மேசைமேல் போன் அதிர்ந்தது. ஒக்டேவியாவின் கைகள் கிண்ணத்தில் இருந்ததால் அம்மாவே கரண்டிக் காம்பால் அதைத் தட்டிவிட்டாள். மேனேஜர் மான்டெல்லின் குரல் சமையலறையை நிறைத்தது.

"டேவி, நல்லா கேட்டுக்கோ. பாட்டப் பத்திக் கேட்டா 'அது கலை'ன்னு சொல்லு. 'ஞாபகமில்ல'ன்னு சொல்லு. 'பொய்'னு மட்டும் சொல்லிராத. அந்த வார்த்த உன் வாயிலேர்ந்து வரவே கூடாது."

"வந்தா?"

"அடுத்த வாரம் அட்லாண்டா கச்சேரிக்கு பஸ் ஏறுறியா, இல்ல பழையபடி ஏர்போர்ட்ல பெட்டி தூக்குறியாங்கறது அந்த ஒத்த வார்த்தைலதான் இருக்கு. பாட்டு நல்லால்லன்னா நம்ம ஊர்க்காரன் மன்னிப்பான். பாட்டு பொய்னா மன்னிக்கவே மாட்டான். உனக்குத் தெரியாததா?"

"ஏன் மான்டெல்," என்றாள் அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "உனக்குக் கூடப்பொறந்தவங்க உண்டாப்பா?"

மான்டெல்லின் குரல் இறங்கியது. "இருக்காங்கம்மா. குட் மார்னிங்ம்மா. நீங்க கேட்டுக்கிட்டு இருக்கறது தெரியல."

"இப்ப தெரிஞ்சுதுல்ல. வச்சிரு."

வைத்துவிட்டான். பலோனி ஓரம் சுருண்டு கருகத் தொடங்கியது. இரண்டு பேரும் சாப்பிடப் போவதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தும் அம்மா ரொட்டியை எடுத்து வைத்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை ஒக்டேவியா விமான நிலையத்தில் பார்சல் பெட்டிகளை இறக்கும் வேலையில் இருந்தாள். ராத்திரி முழுக்கப் பெட்டி. காலையில் தூக்கம். மதியம் எழுந்தால் பாட்டு. ரேலே பக்கம் ஒருவன் தன் வீட்டுத் துணி அறையின் சுவரெங்கும் மெத்தை நுரையை ஒட்டி ஸ்டுடியோவாக ஆக்கியிருந்தான். அங்கே யாரும் எழுதிவைத்துப் பாடுவதில்லை. ஹெட்ஃபோனில் பீட் ஓடும். வாயில் ஒரு வரி வந்தால் சொல்ல வேண்டும், நிறுத்த வேண்டும். அடுத்த வரி வரும்வரை அதே பீட் சுற்றிச் சுற்றி ஓடும். வரி தேறியதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது வெளியே கிடக்கும் சோபா. அதில் எந்நேரமும் நாலைந்து பேர் கோழி இறக்கைகளைத் தின்றபடி சாய்ந்திருப்பார்கள். ஒரு வரியைக் கேட்டு அவர்கள் துள்ளி எழுந்து சுவரில் அறைந்தால் அது தங்கும். எழவில்லையென்றால் அழித்துவிட வேண்டியதுதான்.

தன் ஆட்களைப் பாட்டில் பெரிதாக்கிச் சொல்வது அங்கே ஒரு மரியாதை. இறந்துபோன மாமன், சிறைக்குள் இருக்கிற அண்ணன், வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிற சித்தப்பா, யாரையும் உள்ளபடி சொல்வது வழக்கமில்லை. பாட்டுக்குள் வந்ததும் சித்தப்பா ஒரு தெருவையே ஆளத் தொடங்கிவிடுவார். அவருடைய பிறந்தநாளுக்குச் சொந்தக்காரர்கள் அந்த வரியைத்தான் போட்டு ஆடுவார்கள். பாடுகிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்வது மட்டும் கிடையாது.

அந்தப் பாட்டைப் பதிந்த மதியம் முதல் வரியே வராமல் மாட்டிக்கொண்டாள். பீட் சுற்றிக்கொண்டே இருந்தது. சோபாவில் ஒருவன் வாட்கின்ஸ் தெரு பெட்ரோல் பங்கில் நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். கறுப்பு டாட்ஜ் கார் வந்தது, பின் கண்ணாடி இறங்கியது, ஒரு கை வெளியே வந்தது, பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தவன் தோளிலும் இடுப்பிலும் குண்டு வாங்கிச் சரிந்தான். சில நாட்களாக ஃப்ரேசர் பகுதி முழுக்க இதே பேச்சுதான்; முடிவெட்டும் கடையில், கோழிக்கடை வரிசையில், தேவாலய வாசலில். கதவிடுக்கு வழியாக அந்தப் பேச்சு அவள் காதில் விழுந்தது, வாய் அதை எடுத்துக்கொண்டது. அந்தக் கைக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. தம்பி என்று போட்டாள்.

*என் தம்பி வாயத் தொறக்க மாட்டான், கண்ணாலதான் பேச்சு*
*அவன் திரும்பிப் பாத்த தெருவுல அடங்கிப் போச்சு மூச்சு*
*கறுப்பு டாட்ஜு, கண்ணாடி எறக்கம்*
*தம்பி கை வெளிய வந்தா உனக்கு நிரந்தர ஒறக்கம்*

சோபா மொத்தமும் எழுந்தது. ஒருவன் மடியிலிருந்த தட்டைக் கவிழ்த்துவிட்டுக் கூவினான். அந்தக் கூச்சலும் மைக்கில் பதிந்துவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் பாட்டில் அது கேட்கும்.

கோடை முடிவதற்குள் அந்தப் பாட்டு ஊரைத் தாண்டியது. நாஷ்வில், ஹூஸ்டன், பிறகு அவள் போயேயிராத ஊர்களில் கார் கண்ணாடிகளை அதிர வைத்தது. ஏர்போர்ட் வேலைக்குப் போவதை நிறுத்தினாள். அதே மாதத்தில் போலீஸ் வந்து தம்பி டெட்ரிக்கை வீட்டு வாசலிலேயே கைவிலங்கு போட்டுக் கூட்டிக்கொண்டு போனது. டாட்ஜின் முன்சீட்டில் இருந்த இருவர் முன்பே பிடிபட்டிருந்தார்கள். பின்சீட்டில் இருந்தவன் யார் என்று அவர்கள் சொல்லவில்லை. கார் ஓட்டியவன் டெட்ரிக்கோடு படித்தவன், போனில் இவன் எண் இருந்தது. எதிர்க்கடை ஊழியர் ஒருவர், பின்சீட்டில் பின்னல் தலைக்காரன் ஒருவனைப் பார்த்ததாகச் சொன்னார். டெட்ரிக்குக்கும் பின்னல் தலை, ஃப்ரேசரில் பாதிப் பேருக்குப் பின்னல் தலை. இந்த இரண்டை வைத்துக்கொண்டு எந்த ஜூரியும் தண்டிக்காது என்று அபெர்னதி சொன்னார். மூன்றாவதாகப் பாட்டு இருந்தது. சுட்டவனின் அக்காவே பாடியிருக்கிறாள், காரின் நிறம் முதற்கொண்டு.

சூடு நடந்த நேரத்தில் டெட்ரிக் எங்கே இருந்தான் என்பது ஒக்டேவியாவுக்கு நன்றாகத் தெரியும். அன்று மாலை சூறாவளி எச்சரிக்கைச் சங்கு ஊரெங்கும் அலறிக்கொண்டிருந்தது. சங்கு அலறும்போதுதான் சுட்டார்கள், தெருவில் ஆள் இருக்காது என்று. அம்மா தேவாலயத்தில். வீட்டில் கரண்டு போய்விட்டது. ஆறடிக்கு மேல் வளர்ந்த டெட்ரிக் தன் மெத்தையை இழுத்துக்கொண்டு போய்க் குளியல் தொட்டிக்குள் படுத்து, மெத்தையை மேலே மூடிக்கொண்டு, அம்மாவின் நாய்க்குட்டியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தான். ஏழு வயதில் ஓர் ஓக் மரம் கூரையைப் பிளந்து அவன் கட்டிலின் மறுபாதியில் விழுந்தது. அதிலிருந்து காற்று விசிலடித்தாலே அவனுக்குக் கை கால் ஓடாது. இதுதான் பாட்டில் வரும் தம்பி. கண்ணாலேயே தெருவை அடக்குகிறவன்.

நான் கமோடு மூடிமேல் உட்கார்ந்து, ஆறிப்போன கோழியைத் தின்றுகொண்டு அவனைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தேன் என்று வக்கீலிடம் சொன்னாள். அபெர்னதி சிரிக்கவில்லை. இதை அப்படியே கூண்டில் ஏறிச் சொன்னால் போதும் என்றார். ஒக்டேவியா எல்லாவற்றையும்தான் சொன்னாள், ஒன்றைத் தவிர.

போன வாரம் சிறைக்குப் போயிருந்தாள். அங்கே நேரில் பார்க்க முடியாது. கீழ்த்தளத்தில் ஒரு திரை, அதில் அவன் முகம், பேச ஒரு ரிசீவர். டெட்ரிக் கன்னம் ஒட்டிப்போயிருந்தான். எடுத்த எடுப்பில் கேட்டான்.

"அந்தக் கதையச் சொல்லப் போறியாமே. வக்கீலம்மா சொன்னாங்க."

"அது கதையில்லடா. நடந்தது."

"நடந்தா என்ன? இங்க வந்த மொத நாள் ஒருத்தன் ஷூவக் கழட்டுன்னான். கழட்டிக் குடுத்துட்டேன். அப்பறம் இன்னொருத்தன் பேர் கேட்டான். சொன்னேன். 'டேவி ரெட் தம்பியா? பாட்டுல வர்ற தம்பியா நீ?'ன்னு கேட்டான். அவ்ளோதான். ஷூ திரும்பி வந்துச்சு. தொடச்சுக் குடுத்தாங்கக்கா."

"வெளிய வந்துட்டா ஷூவப் பத்தி எதுக்குடா கவல?"

"வராட்டி?" அவன் திரைக்கு அருகில் வந்தான். நெற்றி மட்டும் பெரிதாகத் தெரிந்தது. "நீ சொல்லி, ஜூரி நம்பாட்டி? அப்ப நான் எந்தக் கதவு வழியா உள்ள போகணும்? பாத்ரூம்ல அழுதவனா போகணும். ஒரு வருஷமில்ல, ரெண்டு வருஷமில்ல. அத யோசிச்சியா நீ?"

அவள் யோசித்திருக்கவில்லை.

"பாடறப்ப என்ன ஒரு வார்த்த கேட்டியா? கேக்கல. நானும் பரவால்லன்னு இருந்தேன், நல்லாத்தான் இருந்துச்சு கேக்க. இப்பவாவது என்னக் கேளுக்கா. நான் வேணாங்கறேன்."

திரை கறுத்துவிட்டது. நேரம் முடிந்தால் அப்படித்தான், சொல்லாமல் கொள்ளாமல் அணையும்.

சாட்சிகள் தங்கள் முறை வரும்வரை நீதிமன்ற அறைக்குள் இருக்கக்கூடாது. ஒக்டேவியா நடைகூடத்து மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நகம் இல்லாத விரல்கள் யாருடையவோ போலிருந்தன, நுனிகள் வெந்ததுபோல் சிவந்திருந்தன. எதிர்ச்சுவரில் தலைக்கு மேலே கடிகாரம். அதைப் பார்க்கக்கூடாது என்று தரையைப் பார்த்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளிருந்து ஒரு துண்டுப் பேச்சு வெளியே வந்தது, மூடியதும் அறுந்தது. ஒருமுறை திறந்தபோது வந்தது அவளுடைய குரல். உள்ளே பாட்டைப் போட்டுக்காட்டுகிறார்கள். சிறிய ஸ்பீக்கர் போலிருக்கிறது, தாளத்தின் கனமெல்லாம் உதிர்ந்து சொற்கள் மட்டும் எலும்பாகக் கேட்டன. காவலர் கதவை மெல்லச் சாத்தினார். அவளை அடையாளம் தெரிந்திருக்க வேண்டும், சற்று வருத்தப்பட்டதுபோலப் பார்த்தார்.

பெயர் சொல்லி அழைத்தார்கள்.

டெட்ரிக் தேவாலயத்து டீக்கன் கொடுத்த சாம்பல்நிறக் கோட்டில் இருந்தான். கை நீளம் போதாமல் மணிக்கட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பார்வையாளர் வரிசையில் அம்மா. கடைசி வரிசையில் மான்டெல், மடியில் தொப்பியோடு. அவனுக்கு இரண்டு இருக்கை தள்ளி ஒரு செய்தித் தளத்துப் பெண் பேனாவோடு. போன்களையெல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். அதுவரைக்கும் ஒரு நிம்மதி. இங்கே சொல்லப்போவது வெளியே போக இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்.

அபெர்னதி கேட்கக் கேட்க, சொன்னாள். சங்கு, கரண்டு, தொட்டி, மெத்தை, நாய். சொல்லிக்கொண்டிருக்கும்போதே டெட்ரிக்கின் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போவதைப் பார்த்தாள். கடைசி வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் அடங்கியது.

பிறகு அரசுத் தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். உயரமான, மெல்லிய குரல் கொண்ட மனிதர். கோபமே இல்லை. ஒரு தாளை எடுத்து அந்த நான்கு வரிகளையும் மருந்துப் புட்டியின் மேலிருப்பதைப் படிப்பதுபோல ஒரே சுருதியில் படித்தார். 'நிரந்தர ஒறக்கம்' என்பதற்குப் பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல வர்ற தம்பி யாருங்க?"

"எனக்கு ஒரே தம்பிதான் சார்."

"போன வருஷம் ஒரு ரேடியோ பேட்டி குடுத்தீங்க. ஒரு சின்னப் பகுதி கேக்கலாமா?"

ஸ்பீக்கரில் அவளே சிரித்தாள். *என் பாட்டுல ஒரு வரி, ஒரே ஒரு வரி, பொய்னு காட்டு. மைக்க அங்கயே வச்சிட்டு எறங்கிப் போயிர்றேன். நான் வாழ்ந்ததத்தான்டா பாடறேன்.* பின்னால் அறிவிப்பாளர் மேசையைத் தட்டிச் சிரிப்பது கேட்டது.

"அன்னிக்கிப் பொய் சொன்னீங்களா, இல்ல இன்னிக்கிப் பொய் சொல்றீங்களா?"

டெட்ரிக் நிமிர்ந்திருந்தான். அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான், மிகச் சிறிதாக, கழுத்துப்பட்டையைச் சரிசெய்வதுபோல. வேண்டாம்.

"அன்னிக்கி," என்றாள்.

"ஜூரிக்குக் கேக்கல."

"அன்னிக்கிச் சொன்னதுதான் பொய் சார். பாட்டும் பொய். டாட்ஜ் விஷயம் ஊருக்கே தெரியும். தம்பின்னு நானா சேத்தேன். கேக்க நல்லா இருந்துச்சு."

கடைசி வரிசையில் மான்டெல் எழுந்து, தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு, மரியாதையாக, சத்தமில்லாமல் வெளியே போனான். கதவுதான் சத்தம் போட்டது.

வழக்கறிஞர் கதவு அடங்கும்வரை காத்திருந்தார். "உங்க தம்பி போலீஸ்ல என்ன சொல்லியிருக்காரு தெரியுமா? 'வீட்ல தனியா இருந்தேன், யாருமே கூட இல்ல.' அப்ப அவரு பொய் சொன்னாரா?"

"வெக்கத்துல சொன்னான் சார்."

"குடும்பத்துல எல்லாருமே தேவைக்குத் தகுந்தாப்ல பேசறீங்க. சரி. நீங்க சொல்றபடியே வச்சிக்குவோம். கரண்டு இல்ல. இருட்டு. தொட்டி மேல மெத்த. மெத்தைக்கு அடில உங்க தம்பி. நீங்க கமோடு மேல உக்காந்து கோழி சாப்புடறீங்க. மெத்தையத்தான் பாத்தீங்க, அவர் மொகத்தப் பாக்கல. சரிதானே?"

அவள் நகமில்லாத விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"அந்த பாத்ரூம்ல ஒரு சன்னல் இருக்கு. ஆள் நுழையற அளவுக்குப் பெருசு, போட்டோ இருக்கு எங்ககிட்ட. எலும்பக் கொட்ட, தண்ணி குடிக்க, ஒரு தடவையாவது நீங்க வெளிய போயிருப்பீங்க. திரும்பி வந்து மெத்தையப் பாத்துக் கேலி பண்ணியிருப்பீங்க. அடில ஆள் இருந்தாரா இல்லியான்னு எப்படிங்க தெரியும்?"

அபெர்னதி எழப் போனார். அதற்குள் ஒக்டேவியா சொல்லிவிட்டாள்.

"நானும் உள்ளதான் இருந்தேன்."

"எதுக்குள்ள?"

"தொட்டிக்குள்ள சார்." தன் குரல் மேடைக் குரலாகவும் இல்லை, வீட்டுக் குரலாகவும் இல்லை என்று அவளுக்குப் பட்டது. "மொதல்ல கமோடு மேலதான் உக்காந்திருந்தேன். கேலியும் பண்ணேன். அப்பறம் வெளிய மரம் ஒடியற சத்தம் கேட்டுச்சு. ஒண்ணு இல்ல, வரிசையா. வீடு நடுங்குச்சு. கோழியப் போட்டுட்டு மெத்தையத் தூக்கி உள்ள எறங்கிட்டேன். சங்கு நிக்கிற வரைக்கும் அவன் சட்டையப் புடிச்சிக்கிட்டே கெடந்தேன். நாய் நடுவுல. அவன் அழுதுக்கிட்டே என் முதுகத் தட்டினான். 'ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்லக்கா'ன்னு. பல்லெல்லாம் அடிச்சிக்குது அவனுக்கு, ஆனா தட்டறத நிறுத்தல. அதனாலதான் தெரியும் சார். அந்தக் கைதான் என் முதுகு மேல இருந்துச்சு."

செய்தித் தளத்துப் பெண்ணின் பேனா ஓடும் ஓசை மட்டும் கேட்டது. அபெர்னதி மேசைமேல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துக்கொண்டிருந்தார், அது பறந்துவிடும் என்பதுபோல. இது அவருக்கும் புதிது.

"இத்தன மாசத்துல இத உங்க வக்கீல்கிட்டகூடச் சொல்லல போலிருக்கே."

"இல்லீங்க சார்."

"அரை மணிக்கு முன்னாடி இதே நாற்காலில உக்காந்து சத்தியம் பண்ணிட்டுப் பேசினப்பவும் சொல்லல."

"இல்லீங்க சார்."

"கேள்வி இறுகினதும்தான் வருது."

அவள் உதட்டைக் கடித்தாள். "நான் யாருன்னு ஊர் நெனச்சிக்கிட்டு இருக்கோ அந்த ஆளு தொட்டிக்குள்ள எறங்க மாட்டா சார்."

"பயத்தப் பத்தி எப்பவாவது பாடியிருக்கீங்களா?"

"இல்ல."

"ஒரு வரிகூட?"

"பாடினா யாரும் கேக்க மாட்டாங்க."

"வேற கேள்வி இல்லை," என்று வழக்கறிஞர் உட்கார்ந்தார். தோற்றவர் போலவும் இல்லை, ஜெயித்தவர் போலவும் இல்லை. கூண்டிலிருந்து இறங்கும்போது ஒக்டேவியா தம்பியைப் பார்த்தாள். அவன் குனிந்திருக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருக்க, முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மதியத்துக்குமேல் இரு தரப்பும் பேசி முடித்து, ஜூரி தங்கள் அறைக்குப் போனார்கள். முடிவெடுக்க எவ்வளவு நேரமாகும் என்று யாருக்கும் தெரியாது. நடைகூடத்துப் பெஞ்சில் அம்மா கண்ணை மூடி உதடசைத்துக்கொண்டிருந்தாள். அபெர்னதி தானியங்கி இயந்திரத்திலிருந்து தண்ணீர் வாங்கிவந்து நீட்டினார்.

"நம்பினாங்களா மேடம்?"

"முன் வரிசைல இருந்த அந்த நரச்ச தல அம்மா, நீங்க தொட்டியப் பத்திச் சொன்னப்போ எழுதறத நிறுத்திட்டாங்க. அது நல்லதா கெட்டதான்னு கேக்காதீங்க. இத்தன வருஷமா எனக்கே புரியல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம் ஒக்டேவியா."

"ஆமா மேடம்."

"சொல்லியிருந்தா இவ்ளோ நல்லா வந்திருக்குமான்னும் தெரியல."

அப்போதுதான் அது கேட்டது. முதலில் தரை வழியாக, காலணிக்கு அடியில் ஓர் அதிர்வு. பிறகு சன்னல் கண்ணாடி மெல்ல முனகியது. அவளுடைய பீட். மூன்று பேரும் சன்னலுக்குப் போனார்கள்.

கீழே தெரு நிறைந்திருந்தது. காலையில் அவள் உள்ளே நுழைந்தபோது யாரோ படமெடுத்துப் போட்டிருக்க வேண்டும். டேவி ரெட் தன் தம்பிக்காகக் கோர்ட்டில் நிற்கிறாள் என்பது மட்டும் ஊருக்குத் தெரிந்திருந்தது. உள்ளே என்ன சொன்னாள் என்பது இன்னும் தெரியவில்லை. பள்ளிச் சீருடையில் பெண் பிள்ளைகள், ஏர்போர்ட் வேலைக்குப் போகும் பளபளக்கும் சட்டையோடு அவளுடைய பழைய தோழிகள், அட்டையில் 'டெட்ரிக்கை விடு' என்று எழுதிப் பிடித்த அத்தை மகன்கள். ஒரு காரின் பின்கதவு திறந்திருந்தது, உள்ளே முழுக்க ஸ்பீக்கர். அத்தனை பேரும் அன்பாக, மனப்பாடமாக, உரக்கப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

*அவன் திரும்பிப் பாத்த தெருவுல அடங்கிப் போச்சு மூச்சு*

அபெர்னதி தலையைத் திருப்பி மேலே பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "ஜூரி ரூம் இந்தப் பக்கந்தான். நமக்கு நேர் மேல. சன்னலெல்லாம் தொறந்து வச்சிருப்பாங்க, அங்க ஏசி வேல செய்யாது." ஒரு காவலர் படியிறங்க ஓடினார். அபெர்னதி அவரைக் கையால் தடுத்தார். "நீங்க போனா இன்னும் கத்துவாங்க. ஒக்டேவியா, நீங்க போங்க. நிறுத்தச் சொல்லுங்க. ஓடுங்க."

ஓடினாள். படிகள், வாசல் சோதனைக் கருவி, கனமான கதவு. வெயில் கண்ணில் அறைந்தது. விக் இல்லை, இமை இல்லை, அம்மாவின் பழைய கறுப்புப் பாவாடை. ஒரு கணம் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பிறகு முன்னால் நின்ற ஒரு சிறுமி வீறிட்டாள், "டேவீ!" கூட்டம் முழுவதும் அவள் பக்கம் திரும்பியது. கறுப்பு டாட்ஜு, கண்ணாடி எறக்கம் என்ற வரி அப்போதுதான் முடிந்துகொண்டிருந்தது.

நிறுத்துங்கள் என்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

காரருகே நின்றவன் உடனே பீட்டை நிறுத்தினான். தெரு அடங்கியது. அந்த அமைதியில்தான் அவளுக்கு உறைத்தது. எல்லா மேடையிலும் இந்த இடத்தில்தான் கைகளைத் தூக்குவாள். பீட் நிற்கும். கடைசி வரியை அவள் சொல்லமாட்டாள், கூட்டத்துக்கு விட்டுவிடுவாள்.

"வேணாம்," என்று வாயைத் திறந்தாள். சத்தம் வருவதற்குள் அவர்கள் மூச்சை இழுத்துவிட்டார்கள். ஏர்போர்ட் தோழிகள், சீருடைப் பிள்ளைகள், அட்டை பிடித்தவர்கள், பின்னிசை ஏதுமில்லாமல், ஒரே குரலாக, ஒரு சொல்லும் சிதையாமல், அந்தப் பழைய கட்டடத்தின் சுவரில் மோதித் திரும்பும்படி தம்பியின் கையைப் பற்றிய அந்த வரியைச் சொன்னார்கள்.

அவளுடைய கைகள் இன்னும் மேலேயே இருந்தன. மேல் மாடியில், ஜூரி அறையின் திறந்திருந்த சன்னல் ஒன்றின் அருகே யாரோ காகிதக் கோப்பையோடு வந்து நின்று கீழே பார்த்தார்கள். கண்ணாடியில் வெயில் தகதகத்ததால் முகம் தெரியவில்லை. கோப்பை மட்டும் வெள்ளையாக, அசையாமல் தெரிந்தது.